குகை பார்க்கக் கிளம்பும் கூட்டத்துக்கு

ஆலங்காயம், வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கத்திலிருந்து ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, வேன் பிடித்து, ஆந்திராவுக்குக் குகை பார்க்கக் கிளம்பும் தம்பிகளே, தங்கைகளே!

ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல் என்று நாலு நாள் சேர்ந்தாற்போல லீவு கிடைத்தால் போதும். ஷூ கம்பெனியில் ஒரே லைனில் வேலை பார்க்கிறவர்கள், கல்லூரியில் ஒரே வகுப்பில் படிக்கிறவர்கள், ஒரே தெருக்காரர்கள் என்று ஆளாளுக்கு வேன் பேசிவிடுகிறீர்கள். முன்பெல்லாம் ஏலகிரி, ஜலகாம்பாறை, ஒகேனக்கல்லோடு முடிந்துவிடும். இப்போது பேலம் குகை, அப்படியே கண்டிக்கோட்டை என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ராத்திரியோடு ராத்திரியாகப் போகிறீர்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். பூமிக்கு அடியில் இறங்கி நடந்து பார்க்க வேண்டும் என்பது நல்ல ஆசை. போகாதீர்கள் என்று தடுக்க இதை எழுதவில்லை. போங்கள். ஆனால் போய் அங்கே நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றி உங்களிடம் நேருக்கு நேர் பேச வேண்டியிருக்கிறது. அடுத்த வேன் கிளம்புவதற்குள் இதைப் படித்துவிடுங்கள்.

பேலம் குகைக்குள் நான் கண்ட இரண்டு காரியங்கள் மனசை விட்டுப் போக மறுக்கின்றன. பாதை குறுகும் ஓரிடத்தில், தலை உயரத்தில், கறுப்புச் சுவரில் சாவியால் கீறிய தமிழ் எழுத்து. ஒரு பையன் பெயர், ஒரு பெண் பெயர், நடுவில் ஓர் இதயம், அடியில் நம் ஊர்ப் பெயர். கீறல் வெள்ளை வெளேரென்று இருந்தது. ஆந்திராக்காரர்கள் கட்டிக்காத்து வைத்திருக்கும் இடத்தில் நம் ஊர் தன் கையெழுத்தை அப்படித்தான் போட்டுவிட்டு வந்திருக்கிறது.

இன்னொன்றைக் கண்ணெதிரே பார்த்தேன். பேலத்தில் தட்டினால் ஓசை எழுப்பும் கல் விழுதுகள் உள்ள ஓர் அறை உண்டு. சப்தஸ்வர குகை என்று அதற்குப் பெயர். அந்தப் பேச்சைக் கேட்டதும் நம் பக்கத்துப் பையன் ஒருவன், வழியில் தொங்கிய ஒரு விழுதைக் கையில் கிடைத்த கல்லால் தட்ட ஆரம்பித்தான். இரண்டு பேர் செல்போனில் படம் பிடித்தார்கள். ஏழெட்டுப் பேர் கை தட்டினார்கள். தட்டத் தட்ட வேகம் கூடியது. நுனி தெறித்து விழுந்தது. எடுத்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். உடைந்த வாயில் ஒன்றைச் சுற்றி ஒன்றாக மெல்லிய வளையங்கள். நட்டநடுவில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை. தண்ணீர் சொட்டிச் சொட்டி இறங்கிய வழி அது. நான் சத்தம் போட்டேன். “ஒரு கல்லுக்கா அண்ணா இவ்ளோ?” என்று அவன் கேட்டான். அவன் திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவனுக்குப் புரியவில்லை. அந்தக் கேள்விக்கு உங்கள் எல்லோரிடமும் நிதானமாகப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் வீட்டு அடுப்படியில் கடப்பா கல் பதித்திருக்கும். பரண், அலமாரித் தட்டு, கழுவும் தொட்டி மேடை என்று எங்காவது ஒரு துண்டாவது இருக்கும். அது கறுப்புச் சுண்ணாம்புக்கல். பேலம் குகை குடைந்திருப்பதும் அதே வட்டாரத்தின் கறுப்புச் சுண்ணாம்புப் பாறையில்தான். கடப்பா கல்லின்மேல் எலுமிச்சம்பழச் சாறு சிந்தி, துடைக்காமல் விட்டுவிட்டால் அந்த இடம் வெளுத்து, பளபளப்பு போய்விடும். உங்கள் அம்மா அதற்காகத் திட்டியிருப்பார்கள். புளிப்பு சுண்ணாம்புக்கல்லை அரிக்கிறது, விஷயம் அவ்வளவுதான். மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான புளிப்பு ஏறுகிறது. அந்தத் தண்ணீர் பாறை வெடிப்பில் புகுந்து, லட்சக்கணக்கான வருஷங்கள் கரைத்துக் கரைத்துத்தான் 3,229 மீட்டர் நீளத்துக்குப் பேலத்தில் பாதை வெட்டியிருக்கிறது. அதில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டரைத்தான் நமக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள்.

அரித்த தண்ணீர்தான் கட்டவும் செய்கிறது. கூரையிலிருந்து சொட்டும் ஒவ்வொரு துளியும் உள்ளே காற்று பட்டதும் கரியமில வாயுவை விட்டுவிட்டு, கரைத்துவந்த சுண்ணாம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துகளை நுனியில் ஒட்டிவிட்டுப் போகிறது. அப்படி ஒட்டி ஒட்டித்தான் மேலே விழுது இறங்குகிறது, கீழே கல் முளைக்கிறது. சராசரியாக வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு வளர்ந்தால் பெரிது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து சென்டிமீட்டர் நுனிக்கு ஐந்நூறு வருஷம். விஜயநகரத்தில் கிருஷ்ணதேவராயர் ஆண்டுகொண்டிருந்த காலத்தில் சொட்டத் தொடங்கிய தண்ணீர் கட்டிய நுனியை, அரை நிமிஷ வீடியோவுக்காக நம் பையன் உடைத்தான். இனி அது வளர்ந்து வர உங்கள் பேரனுக்குப் பேரன் காலமும் போதாது. தம்பி, நீ கேட்டாயே, ஒரு கல்லுக்கா இவ்வளவு என்று. ஆமாம், அந்த ஒரு கல்லுக்குத்தான் இவ்வளவு.

“நான் உடைக்கவில்லையே, சும்மா தொட்டுத்தானே பார்த்தேன்” என்று உங்களில் பலர் சொல்வீர்கள். இதை நம் பக்கத்து ஆட்களுக்கு நான் விளக்கவே வேண்டியதில்லை. வெள்ளை லெதரில் அப்பர் தைக்கிறவர்களிடம் கேளுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து கையைச் சரியாகத் துடைக்காமல் ஒரு விரல் வைத்துவிட்டால் போதும். பெருவிரல் ரேகை அப்படியே ஏறிவிடும், அந்த ஜோடியே ரிஜெக்ட். தோலுக்குக் கை எண்ணெய் எவ்வளவு பகை என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்த அளவு வேறு ஊரில் யாருக்கும் தெரியாது. கல் விழுதும் அப்படித்தான். நம் கையில் உள்ள பிசுக்கு ஒட்டிய இடத்தில் தண்ணீர் படியாமல் வழுக்கி ஓடிவிடும். சுண்ணாம்பும் அங்கே ஒட்டாது. வளர்ச்சி அந்த இடத்தில் தடைப்படும், அழுக்கு ஏறிக் கறுக்கும். கம்பெனியில் ரிஜெக்ட் ஆன ஜோடிக்குப் பதில் இன்னொன்று தைத்துவிடலாம். குகைக்கு மாற்று ஜோடி கிடையாது.

நம் மூச்சும் குகைக்குக் கெடுதல் செய்யும் என்றால் நம்புவீர்களா? பிரான்ஸ் நாட்டில் லாஸ்கோ என்றொரு குகை. ஆதிமனிதன் தீட்டிய காளைகளும் குதிரைகளும் சுவரெல்லாம் நிறைந்தது. 1940இல் கண்டுபிடித்து, 1948இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். கூட்டம் கூட்டமாக வந்தார்கள். யாரும் கீறவில்லை, யாரும் உடைக்கவில்லை. அவர்கள் விட்ட மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும், உள்ளே எரிந்த விளக்கும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. பதினைந்தே வருஷத்தில், 1963இல், அரசாங்கம் குகையை இழுத்து மூடிவிட்டது. அதற்குப் பிறகு பொதுமக்கள் போய்ப் பார்ப்பதெல்லாம் பக்கத்தில் கட்டிய நகலைத்தான். ஆயிரக்கணக்கான வருஷம் தாங்கிய ஓவியத்துக்கு, மரியாதையோடு வந்த கூட்டமே தாங்கமுடியாத பாரமாகிவிட்டது என்றால், ஸ்பீக்கரும் சிப்ஸ் பாக்கெட்டும் சாவிக்கொத்துமாகப் போகும் கூட்டத்தை எந்தக் குகை தாங்கும்?

இப்போது உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்களில் யாராவது தனியாக ஒரு குகைக்குள் போயிருந்தால், கல்லை எடுத்து அந்த விழுதை உடைத்திருப்பீர்களா? சுவரில் பெயரைக் கீறியிருப்பீர்களா? மாட்டீர்கள். அந்த இருட்டும் அமைதியும் உங்களைக் கைகட்டி நிற்க வைத்திருக்கும். விழுதை உடைத்தவனும் தனியாக இருந்தால் தலையைத் தூக்கி அண்ணாந்து பார்த்துவிட்டு நகர்ந்திருப்பான். கை தட்ட ஏழெட்டுப் பேரும் படம் பிடிக்க இரண்டு செல்போனும் இருந்ததால்தான் அவன் கை ஓங்கியது. அதனால் அவன் ஒருவனை மட்டும் குற்றவாளியாக்க நான் தயாரில்லை. அந்த நுனியை உடைத்தது கூட்டம். கூட்டத்தில் போகும்போது ஒவ்வொருவருக்கும் தைரியம் கூடுகிறது, பொறுப்பு குறைகிறது. என் ஆதங்கம் அங்கேதான்.

கொடைக்கானல் குணா குகையை எடுத்துக்கொள்ளுங்கள். 2006இல் கொச்சி பக்கத்தில் மஞ்சும்மல் என்ற ஊரிலிருந்து வந்த நண்பர் கூட்டத்தில் ஒருவர் அந்தப் பாறைப் பிளவுக்குள் விழுந்தார். உங்களைப் போலவே வண்டி பிடித்து, பாட்டும் கும்மாளமுமாக வந்தவர்கள்தான். தடுப்பைத் தாண்டி உள்ளே போகவைத்தது கூட்டத்தின் உற்சாகம். இறங்குவதற்கு மற்றவர்கள் தயங்கியபோது, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இருட்டுக்குள் இறங்கி நண்பனைத் தூக்கி வந்தவரும் அதே கூட்டத்துக்காரர்தான். அவருக்கு மத்திய அரசு ஜீவன் ரக்ஷா பதக்கம் கொடுத்தது. 2024இல் அந்தக் கதை படமாக வந்தது. நாம் எல்லோரும் பார்த்தோம், கண் கலங்கினோம். ஆனால் படம் வந்த சில நாட்களிலேயே, தடுப்பைத் தாண்டி அதே குகைக்குள் இறங்கிய மூன்று இளைஞர்கள் வனத்துறையிடம் பிடிபட்டார்கள். நம் பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்துப் பிள்ளைகள். அந்தப் படத்தில் எதைப் பார்த்தோம்? நண்பனுக்காக உயிரைப் பணயம் வைத்தவனைப் பார்த்தோமா, தடுப்பைத் தாண்டுவதில் உள்ள கிறுகிறுப்பை மட்டும் பார்த்தோமா?

கூட்டம் கெடுக்கத்தான் செய்யும் என்று நான் முடிவு கட்டவில்லை. கெடுக்கும் கூட்டத்தாலேயே காக்கவும் முடியும். அதற்கும் சாட்சி பேலம்தான். 1884இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் அந்தக் குகையைப் பற்றி எழுதி வைத்தார். நம் பல்லாவரத்தில் 1863இல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தாரே, அதே ஃபூட்தான். அதற்கப்புறம் ஒரு நூறு வருஷம் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 1980களின் தொடக்கத்தில் ஜெர்மானியரான டேனியல் கெபாவர் தலைமையில் ஒரு குழு உள்ளே நுழைந்து அளந்து வரைபடம் போட்டது. ஆனாலும் சுற்றுவட்டாரக் குப்பையும் கழிவும் அந்தப் பள்ளத்தில்தான் கொட்டப்பட்டன. 1980களின் இறுதி வரைக்கும் இதுதான் நிலைமை. பேலம் கிராமத்து மக்களும், உள்ளூர்ப் போலீஸ்காரர்கள் சிலரும் சேர்ந்து நின்று அதை நிறுத்தினார்கள். “இது நம் ஊர்க் குகை, இதில் குப்பை கொட்ட விடமாட்டோம்” என்று ஊரே ஒன்றாய் நின்றதால்தான் 1999இல் ஆந்திர சுற்றுலா வளர்ச்சிக் கழகம் பொறுப்பேற்று, படிக்கட்டும் பாதையும் போட்டு, விளக்கு வைத்து, காற்றுக்குத் துளை போட்டு, 2002இல் திறந்துவிட முடிந்தது. கூட்டமாகச் சேர்ந்து ஓர் ஊர் காப்பாற்றிக் கொடுத்த இடத்தைத்தான் நாம் கூட்டமாகச் சேர்ந்து போய்க் கெடுத்துவிட்டு வருகிறோம்.

கூட்டமாக இறங்குவதற்கும் ஒரு முறை உண்டு. மேகாலயாவில் மலைக்கு அடியில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்குக் குகைகள் இருக்கின்றன. ஷில்லாங்கில் உள்ள மேகாலய அட்வென்சரர்ஸ் அசோசியேஷன்காரர்கள் 1990களிலிருந்து வெளிநாட்டுக் குழுக்களோடு சேர்ந்து அவற்றுக்குள் இறங்கி அளந்து வருகிறார்கள். குகைக்குள் போவதையே பழக்கமாக வைத்திருப்பவர்கள் உலகம் முழுக்கச் சில கட்டுப்பாடுகளைக் கடைப்பிடிக்கிறார்கள். நாலு பேருக்குக் குறைந்து இறங்குவதில்லை. ஒருவருக்கு அடிபட்டால் ஒருவர் துணைக்கு இருக்க, இரண்டு பேர் உதவி தேடிப் போக வேண்டும் என்பதுதான் கணக்கு. ஒவ்வொருவரிடமும் மூன்று விளக்கு. மழை அறிகுறி இருந்தால் இறங்குவதில்லை. வெளியே இருக்கும் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே கால் வைப்பார்கள். 2018 ஜூன் மாதம் தாய்லாந்தில் தாம் லுவாங் குகைக்குள் பன்னிரண்டு சிறுவர்களும் அவர்களுடைய பயிற்சியாளரும் மழை வெள்ளத்தில் சிக்கிக்கொண்டது உங்களுக்கு நினைவிருக்கும். ஜூலை 10ஆம் தேதிக்குள் அத்தனை பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். ஆனால் அவர்களுக்காக உள்ளே நீந்திப் போன சமன் குனன் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிரோடு திரும்பவில்லை. கூட்டமாகப் போகிறவர்களின் கவனக்குறைவுக்கு, சில நேரம் முன்பின் தெரியாத ஒருவர் விலை கொடுக்கிறார்.

பேலத்தில் விளக்கு போட்ட பாதையில்தானே போகிறோம், நமக்கு எதற்கு இதெல்லாம் என்று நினைக்கலாம். ஆனால் உள்ளே போன கால் மணி நேரத்தில் புழுக்கத்தில் சட்டை நனைந்துவிடும். வாசலிலிருந்து பார்த்தால் பாதாளகங்கை என்ற ஆழமான இடம் வரைக்கும் ஏறக்குறைய 46 மீட்டர் இறக்கம். ரத்த அழுத்தக்காரர்களும், மூச்சுத்திணறல் உள்ளவர்களும், சின்னக் குழந்தைகளும் உங்கள் கூட்டத்தில் இருப்பார்கள். முன்னால் போகிறவர்கள் ஓட்டமாய் ஓடிவிட, பின்னால் ஓர் அம்மா கல்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். விளக்கு இல்லாத பக்கவழிக்குள் செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டு நுழைகிற பையன்களையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பக்கம் மூடியிருப்பது சும்மா இல்லை. உள்ளே காற்று எப்படி, தரை எப்படி என்று தெரியாமல்தான் மூடி வைத்திருக்கிறார்கள்.

“காசு கொடுத்து டிக்கெட் வாங்கியிருக்கிறோம், எங்கள் இஷ்டம்” என்று சிலர் சொல்கிறார்கள். நீங்கள் வாங்கியது பார்க்கும் உரிமை. ஆலங்காயத்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லத் தேவையே இல்லை. நம் மலைமேல் காவலூர் இருக்கிறது. அங்கே வானம் தெளிவாகவும் இருட்டாகவும் இருக்கிறது என்பதற்காகத்தான் வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து வானாய்வகம் கட்டினார். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது உங்களை வரிசையாக நிற்கவைத்துக் காட்டியிருப்பார்கள். 2.34 மீட்டர் தொலைநோக்கிக்குப் பக்கத்தில் நின்று யாராவது அதன் கண்ணாடியைத் தட்டிப் பார்த்தீர்களா? வாயைப் பொத்திக்கொண்டு நின்றீர்கள். இருட்டையும் அமைதியையும் காப்பாற்றினால்தான் சில விஷயங்கள் கண்ணுக்குத் தெரியும் என்பதைச் சின்ன வயதிலேயே கண்டவர்கள் நீங்கள். அந்த அடக்கத்தைக் குகைக்குள்ளும் கொண்டுபோகச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். முந்நூறு கிலோமீட்டர் போய்க் குகை பார்க்கிற நீங்கள், ஆம்பூருக்குப் பக்கத்தில் மலையாம்பட்டில் இருக்கும் ஆர்மாமலைக் குகையைப் பார்த்திருக்கிறீர்களா? நான் கேட்டவர்களில் பெரும்பாலானோர் பெயரே கேள்விப்பட்டதில்லை என்றார்கள். நம் பக்கம் சுண்ணாம்புப் பாறை இல்லை. அதனால் பேலம் மாதிரிப் பாதாளப் பாதை நமக்கு வாய்க்கவில்லை. நம்முடையவை மலைப்பாறைக் குகைகள். ஆர்மாமலையில் இயற்கையாய் அமைந்த குகைக்குள், சுடாத செங்கல்லால் சுவர் எழுப்பிச் சமணர்கள் கோயிலாக்கினார்கள். எட்டாம் நூற்றாண்டு வாக்கில். பாறைக் கூரையில் சுண்ணாம்பு பூசி, எண்திசைக் காவலர்களையும் தாமரைகளையும் தீட்டினார்கள். சித்தன்னவாசல் ஓவியத்தோடு வைத்துப் பேசத்தக்க ஓவியம் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். சித்தன்னவாசல் என்றால் பாடப்புத்தகத்தில் படித்தோம். அதற்கு உறவு முறையாகும் ஓவியம் நம் தோல் ஷாப்புகளுக்குப் பின்னால் உள்ள மலையில் இருப்பதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

அதில் பெரும்பகுதி உதிர்ந்துவிட்டது. மிச்சமிருப்பது அங்கங்கே ஒட்டிக்கொண்டிருக்கும் வண்ணத் திட்டுகள். ஆயிரத்து இருநூறு வருஷ மழையும் காற்றும் அதன் பங்கை எடுத்துக்கொண்டன. மீதியை ஆட்கள் அழிக்காமல் இருந்தால் போதும். சுண்ணாம்புப் பூச்சின்மேல் உள்ள வண்ணம் விழுதைவிட மெலிது. விரலால் தடவினாலே தூளாய் வந்துவிடும். கீழே அடுப்பு மூட்டினால் கரி படியும். அதற்கு மேல் ஒருவன் பெயர் எழுதினால், அதைத் துடைக்கப் போகிறேன் என்று இன்னொருவன் ஈரத்துணியோடு போனால், இருக்கிறதும் போய்விடும். பேலத்து விழுது உடைந்தால் தண்ணீராவது சொட்டிக்கொண்டிருக்கும். ஐந்நூறு வருஷம் கழித்தாவது ஒரு நுனி வரலாம். ஆர்மாமலையில் தீட்டிய கை இனித் திரும்பி வராது.

மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள தொல்லியல் சின்னத்தைச் சேதப்படுத்தினால் இரண்டு வருஷம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று 2010இல் சட்டத்தைத் திருத்தி வைத்திருக்கிறார்கள். ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை. எல்லாக் குகை வாசலிலும் போலீஸை நிறுத்த முடியாது. இருட்டுக்குள் போன பிறகு உங்களைப் பார்த்துக்கொண்டிருப்பது உங்கள் கூட வந்தவர்கள் மட்டும்தான். அதனால்தான் அரசுக்கு மனு போடாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பதைப் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. வேன் பேசும்போதே, செலவுக்கணக்குக்கு ஒருவரைப் பொறுப்பாக்குவது போல, குகைக்கும் இரண்டு பேரைப் பொறுப்பாக்குங்கள். ஒருவர் எல்லோருக்கும் முன்னால் நடக்கட்டும். அவரைத் தாண்டி யாரும் போக வேண்டாம். ஒருவர் எல்லோருக்கும் கடைசியாக வரட்டும். அவருக்குப் பின்னால் யாரும் தங்க வேண்டாம். வாசலில் தலை எண்ணி உள்ளே போங்கள், வெளியே வந்ததும் மறுபடி எண்ணுங்கள். பிரியாணிப் பொட்டலமும் ஸ்பீக்கரும் வண்டியிலேயே இருக்கட்டும். தண்ணீர் பாட்டில் மட்டும் எடுத்துப் போய், காலி பாட்டிலைக் கையோடு திருப்பிக் கொண்டுவாருங்கள். கற்பூரம், ஊதுவத்தி கொளுத்தாதீர்கள். லிங்கம் போலத் தெரிகிற கல்லைக் கும்பிடத் தோன்றினால் தள்ளி நின்று கையெடுத்துக் கும்பிடுங்கள், அது போதும். நடக்கத் தடுமாறினால் கைப்பிடிக் கம்பியைப் பிடியுங்கள், பாறையைப் பிடிக்காதீர்கள். வழிகாட்டியே தட்டிக் காட்ட வந்தாலும், “வேண்டாம் அண்ணா, பார்த்தாலே போதும்” என்று சொல்லுங்கள். பத்துக் கூட்டம் தொடர்ந்து அப்படிச் சொன்னால் தட்டும் பழக்கமே நின்றுபோகும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று கேட்கிறேன். கூட்டத்தில் ஒருவன் கல்லை எடுத்தாலோ சாவியை எடுத்தாலோ, சிரிக்காதீர்கள். கை தட்டாதீர்கள். செல்போனைத் தூக்காதீர்கள். அவன் அதைச் செய்வதே நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதற்காகத்தான். ரசிக்க ஆளில்லை என்று தெரிந்தால் கை தானாக இறங்கிவிடும். பக்கத்தில் இருக்கும் பெண் பிள்ளைகளே, உங்களுக்கு இதில் தனிப் பங்கு உண்டு. உங்கள் பெயரை ஒருவன் சுவரில் எழுதுவது உங்களுக்குப் பெருமையில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். கூட்டத்தில் மூத்தவர்களே, லைன் சூப்பர்வைசர்களே, கல்லூரி ஆசிரியர்களே, ஒரு வார்த்தை சொன்னால் பசங்க கோபித்துக்கொள்வார்கள் என்று ஒதுங்கி நிற்காதீர்கள். நீங்கள் சொல்ல வேண்டிய நேரத்தில் சொன்னால் ஒரு நுனி பிழைக்கும்.

அடுத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஆர்மாமலைக்குக் கொடுங்கள். சுற்றுலாவாக வேண்டாம். ஐந்து ஐந்து பேராக, உள்ளூர்க்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, காலையில் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். எதையும் துடைக்காதீர்கள், சுரண்டாதீர்கள், தண்ணீர் தெளித்து வண்ணத்தைப் பளிச்சென்று காட்டப் பார்க்காதீர்கள். ஃபிளாஷ் இல்லாமல் படம் எடுத்து, கிறுக்கல் எங்கே இருக்கிறது, பூச்சு எங்கே உதிர்கிறது என்று தேதியோடு எழுதித் தொல்லியல் துறைக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு கூட்டம் போய், அதே இடங்களைப் பார்த்து மறுபடி எழுதட்டும். பேலத்தில் ஒரு கிராமம் செய்ததை ஆலங்காயமும் ஆம்பூரும் வாணியம்பாடியும் சேர்ந்து செய்ய முடியாதா? செருப்பும் ஷூவும் தைத்து உலகம் முழுக்க அனுப்புகிற கைகள் நம்முடையவை. ஒரு தையல் பிசகினாலும் வாங்குகிறவன் திருப்பி அனுப்பிவிடுவான் என்று தெரிந்து பொறுமையாக வேலை செய்கிற ஊர் இது. அந்தப் பொறுமையில் கொஞ்சத்தை நம் மலைக்குக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

அடுத்த வேன் கிளம்பும்போது, முன்சீட்டில் இருப்பவர் எழுந்து நின்று இந்த மடலை எல்லோருக்கும் கேட்கும்படி படிக்கட்டும். பிடிக்காத இடத்தில் வாதாடுங்கள், விடிய விடிய வாதாடினாலும் சரி. ஆனால் குகை வாசலில் இறங்குவதற்கு முன், “ஒருத்தரும் தொடமாட்டோம், தட்டமாட்டோம், கீறமாட்டோம், செய்கிறவனைப் பார்த்துச் சிரிக்கவும் மாட்டோம்” என்று ஒவ்வொருவரும் வாய்விட்டுச் சொல்லுங்கள். சொல்ல மாட்டேன் என்கிறவர் வண்டியிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் உள்ளே போய், கண் நிறையப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்,
ஆலங்காயத்திலிருந்து உங்கள் அண்ணன் ஒருவன்